சுமைக்காரன் பாலம் கடந்த நாள்

அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்.

முட்டிவலி அக்கா. எங்களில் மூத்தவர். தகரக் கூரைக்குக் கீழே, பலகை மேல் உட்கார்ந்திருப்பார்.

லாரிக்காரர் மனைவி. வீட்டுக்காரர் பழக்குலை லாரி ஓட்டுகிறார். இவருக்கு வாயும் ஓயாது, கையும் ஓயாது.

இந்தோனேசியப் பெண். வந்து பதினொரு வருடம் ஆகிறது. தமிழ் பேச மாட்டாள். பாதி புரியும். திட்டினால் முழுதும் புரியும்.

நான்.

மண்டோர். எங்களை மேய்ப்பவர். அவரை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் ஒரு புத்தகம். ஐந்தில் மூன்றாவது.

ரந்தாவ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். எங்கள் நால்வருக்கும் நாற்றுக் கொட்டகையில் வேலை. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்ப வேண்டும். நிரப்பிய பையைப் பாத்தியில் நெருக்கி அடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாத்தி. முளை விட்ட விதை வந்தால் பைக்கு ஒன்று ஊன்றுவார்கள். கொட்டகைக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பை. சொல்லச் சுலபம்.

காற்றடித்தால் வெறும் பைகள் பறந்துவிடும். லாரிக்காரர் மனைவி ஒருமுறை பையைத் துரத்திக்கொண்டு ரோடு வரை போனார். செங்கல் வைத்தால் முனை குத்திப் பை கிழிகிறது. கனமாக, தட்டையாக ஒன்று வேண்டியிருந்தது. என் மகள் கல்யாணமாகி பாரோய்க்குப் போனபோது ஒரு பெட்டி புத்தகத்தை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். அதில் தடித்த ஒன்றை எடுத்து வந்து பைக்கட்டின் மேல் வைத்தேன். முதல் பாகம். டிராகன் எங்கள் கொட்டகைக்கு வந்தது அப்படித்தான்.

மலாய்ப் புத்தகம். அட்டையில் பெரிய சிறகு, கீழே எரியும் ஊர். மழையில் வேலை நின்ற ஒரு நாள் புரட்டினேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. மலாயை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உரக்கப் படித்தால்தான் எனக்கு விளங்கும். உரக்கப் படித்தேன். இந்தோனேசியப் பெண் கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்கு மட்டும் என்னா கதை? எங்களுக்கும் சொல்லுலா" என்றார் லாரிக்காரர் மனைவி.

ஒரு பக்கம் மலாயில் படித்து, அதையே தமிழில் சொன்னேன். மழை விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கதை இதுதான். பனி பெய்யும் ஒரு நாடு. இரண்டு ராஜா. மலைக்கு நடுவில் ஒரு கணவாய், அதற்குச் சண்டை. பீரங்கி உண்டு, மோட்டார் வண்டி கிடையாது. சண்டை உண்மையாகவே நடந்ததாம். டிராகனை மட்டும் எழுதியவர் சேர்த்துக்கொண்டாராம். மகள் போனில் சொன்னாள். "அம்மா, நீங்களா அதைப் படிக்கிறீங்க?" என்று மூன்று முறை கேட்டாள். ஆமாம் என்று மூன்று முறை சொன்னேன்.

நெருப்புக் கக்கும் டிராகன்கள் நிறைய வரும். எங்களுக்கு அவற்றை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திமிர் பிடித்தவை. படைக்குப் பின்னால் மாவு மூட்டையும் வெடிமருந்தும் சுமந்து போகும் ஒரு கிழட்டு டிராகன் உண்டு. சிறகு மூட்டில் பழைய அடி. உயரப் பறக்காது. அதை மதிக்க ஆள் இல்லை. புத்தகத்தில் அதற்குப் பேர் இருக்கிறது, எங்கள் வாயில் நுழையவில்லை. சுமைக்காரன் என்று வைத்துக்கொண்டோம்.

"ஒரு நாளைக்கு அவனுக்கு எத்தன ஆடு?" என்றார் லாரிக்காரர் மனைவி.

"நாலு."

"சண்ட போடறதுங்களுக்கு?"

"எட்டு."

"பாத்தீங்களாக்கா. சொமக்கிறவனுக்கு நாலு, சும்மா கத்துறவனுக்கு எட்டு. எல்லா எடத்துலயும் இதே கதைதான்."

அக்கா வேறு யோசனையில் இருந்தார். "சாணி எவ்வளவு போடும்?"

"அத எழுதலக்கா."

"எழுதணுமில்ல. ஒரத்துக்கு ஆகுமே."

வேலை நேரத்தில் படிக்க ஓர் ஏற்பாடு செய்தோம். நான் ஓர் அத்தியாயம் படித்தால், என் பங்கில் முப்பது பையை மற்றவர்கள் நிரப்பி என் பாத்தியில் அடுக்கிவிடுவார்கள். நீளமான அத்தியாயம் என்றால் பேரம் உண்டு. லாரிக்காரர் மனைவி என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத்தான்.

மண்டோர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தார்.

"என்னாம்மா இது, லைப்ரரியா?"

"பை கொறைஞ்சா கேளுங்க மண்டோர்" என்றார் லாரிக்காரர் மனைவி.

"கொறைஞ்சா பொஸ்தகம் தண்ணித் தொட்டிக்குள்ள போயிடும்."

பை குறையவில்லை. புத்தகமும் தொட்டிக்குப் போகவில்லை. அந்த வாரத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பாத்திக்கு மண்டோர் விடும் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. ஏன் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

ஒரு தொல்லை இருந்தது. நான் மலாயில் படிக்கும்போதே இந்தோனேசியப் பெண்ணுக்குப் புரிந்துவிடும். அவள் சிரித்து முடித்த பிறகுதான் மற்ற இரண்டு பேருக்கும் தமிழ் போகும். அதனால் நான் படிக்கும்போது அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை. அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "ஏதோ கெட்டது வருது" என்பார் அக்கா. வரும்.

அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். மண்ணோடு பாஸ்பேட் உரம் கலக்க வேண்டும். ஒரு வண்டி மண்ணுக்கு ஒரு பால் டின். ஒற்றைச் சக்கர வண்டியில் இந்தோனேசியப் பெண் மண் தள்ளி வந்து கொட்டுவாள். தூணில் கரியால் ஒரு கோடு போடுவாள். அக்கா ஒரு டின் உரத்தை மண் மேல் வீசுவார். வீசியதும் இடது பக்கச் சட்டியிலிருந்து ஒரு கூழாங்கல் வலது பக்கச் சட்டிக்குப் போகும். லாரிக்காரர் மனைவி மண்வெட்டியால் புரட்டிப் போடுவார். பிறகு எல்லாரும் நிரப்புவோம். ஒரு வண்டிக்கு முப்பது பை. வேலை முடியும்போது கோடும் கல்லும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த உரம் மண் நிறத்திலேயே இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கிளினிக்கில் லைட் வேலை என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான். முன்பே ஒரு தடவை டின் கணக்குத் தவறி, ஆபீசில் எழுதி வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை என்றால் மலைக்கு, உரம் போட. அந்த முட்டியோடு மலை ஏற முடியாது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். ரந்தாவில் வாங்கிய வீட்டுக்குச் சாவி கிடைக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அன்றைக்குப் பத்து மணி டீ முடிந்து உட்கார்ந்தேன். புரட்டிப் பார்த்தால் அத்தியாயம் இரு மடங்கு நீளம்.

"இது அறுபது பை" என்றேன்.

"அம்பது."

"அப்ப பாதியில நிறுத்துவேன்."

"டீச்சர்னு கூப்பிட்டதும் தலைக்கு ஏறிடுச்சு. சரி, அறுவது. படி."

நம் பக்கத்து ராஜாவின் படை பின்வாங்குகிறது. எந்த ராஜா நம் பக்கம் என்று முதல் பாகத்திலேயே முடிவு செய்திருந்தோம். ஆற்றின் மேல் மரப்பாலம். படை அக்கரைக்குப் போய்விட்டது, வெடிமருந்து இக்கரையில் கிடக்கிறது. சண்டை டிராகன்களில் இரண்டு செத்துவிட்டன, மற்றவை பறந்து போய்விட்டன. மிஞ்சியது சுமைக்காரன். மூன்று நாளாக அவனுக்குத் தீனி போடவில்லை.

"மூணு நாளாவா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"அந்த நாட்டுல கிராணி இல்லியா? ரேஷன் எழுத ஆள் வேணாம்?" என்று லாரிக்காரர் மனைவி கேட்டார்.

இவன் ஆக மாட்டான், விட்டுவிட்டுப் போங்கள் என்று தளபதி சொல்கிறான். சுமைக்காரனைப் பார்த்துக்கொள்ளும் பெண் கேட்கவில்லை. மூட்டைகளை ஏற்றிக் கட்டுகிறாள். அவன் முழுப் பாரத்தையும் பாலம் தாங்காது. பாதி நடந்து, பாதி சிறகை அடித்து, எடையைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். அடிபட்ட சிறகு. கால்வாசி தூரம் போனபோது எதிரி பாலத்துக்குத் தீ வைக்கிறான்.

முதுகில் வெடிமருந்து. பின்னால் நெருப்பு.

நான் வேகமாகப் படிக்கத் தெரியாதவள். அன்றைக்கு அது எல்லாருக்கும் ரொம்பத் தொல்லையாகப் போனது. ஒரு சொல்லில் நான் நின்றால் சுமைக்காரனும் நெருப்பில் நின்றான்.

நடுப்பாலத்தில் பலகை உடைகிறது. இந்தோனேசியப் பெண் கையிலிருந்த பையைப் பாத்தியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்துட்டானா?" என்றார் அக்கா.

"இருங்கக்கா, இன்னும் தமிழ்ல சொல்லல."

"நீ மெதுவாச் சொல்லு. அவளக் கேளு. ஏம்மா, மாத்தியா?"

செத்தானா என்று மலாயில் கேட்டதற்கு இந்தோனேசியப் பெண் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை.

சாகவில்லை. அக்கரையில் போய் விழுந்தான். கிடந்தான். ஒரு முழுப் பக்கம் கிடந்தான். பிறகு தலையைத் தூக்கினான். இந்தோனேசியப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். தமிழில் சொன்னதும் லாரிக்காரர் மனைவி, "எட்டு ஆடு குடுங்கடா அவனுக்கு" என்றார். அக்கா மூக்கைச் சிந்தினார். மணி பன்னிரண்டரை.

இரண்டரைக்கு வேலை முடிந்தது. ஆயிரத்து இருநூறு பை. கை கழுவிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. வலது பக்கச் சட்டியை மடியில் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். முடித்து, மறுபடி எண்ணினார்.

"தூணுல எத்தன கோடு?"

எண்ணிப் பார்த்தேன். நாற்பது.

"கல்லு இருவத்தாறு" என்றார்.

பதினான்கு வண்டி மண் உரமில்லாமல் பைக்குள் போயிருந்தது. எந்தப் பை என்று தெரியாது. எல்லாம் ஒரே நிறம்.

"மேல தூவிட்டா?" என்றேன்.

"மண்ணோட கலக்கணும். மேல போட்டா தண்ணில ஓடிடும்."

லாரிக்காரர் மனைவி குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "அக்கா, வேர் எறங்கலன்னு மூணு மாசம் கழிச்சுத்தானே தெரியும்?"

"எனக்கு எட்டு மாசம் வேணும்" என்றார் அக்கா. பலகையில் கையை ஊன்றி எழுந்தார். அவரே மண்டோரிடம் நடந்து போனார். நாங்கள் பின்னால் போனோம்.

"பதினாலு வண்டிக்கு டின்னு போடல. நான்தான்."

மண்டோர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பி எடுத்தார்.

"எந்தப் பைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு மத்தியானம் லாபுவிலேர்ந்து வெத வருது. மொள விட்ட வெத. காத்திருக்காது. எந்தப் பைன்னு தெரிஞ்சா காலையில மாத்திடலாம். தெரியலன்னா ஆயிரத்து எரநூறையும் கொட்டணும். அது மத்தியானத்துக்குள்ள ஆகாது. ஆபீசுக்கு எழுதணும். பேரு போட்டு எழுதணும்."

"எழுதுங்க" என்றார் அக்கா. "நான் செஞ்சதுதானே."

மண்டோர் தரையைப் பார்த்தார். "எப்பக்கா டின்னு நின்னுச்சு?"

அக்கா யோசித்தார். "மூணு நாளா அவனுக்குச் சாப்பாடு போடலன்னு இவ சொன்னா. அப்ப டின்னக் கீழ வச்சேன். மறுபடி எடுத்தது, அவன் தலையத் தூக்கினப்பதான்."

"உறுதியா?"

"உறுதி. அது வரைக்கும் கையில பையும் முந்தானையும்தான் இருந்துச்சு."

பாத்திகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே லாரிக்காரர் மனைவி சொன்னார். "மூணு நாளா சாப்பாடு போடலன்னு டீச்சர் சொன்னப்ப நான் எங்க நின்னேன், எந்தப் பைய அடுக்கினேன்னு எனக்குத் தெரியும்."

மறுநாள் ஆறரைக்கெல்லாம் வந்துவிட்டோம். நான் தூணில் சாய்ந்து நின்று அதே அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். முதலில் மலாய், பிறகு தமிழ், முந்தின நாள் போலவே. அவர்கள் அவரவர் பாத்தியில் பைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்தார்கள். மண்டோர் ஒரு கட்டு மூங்கில் குச்சியோடு நின்றார். ஆள் நிற்கும் இடத்தில் குச்சி நடுவது அவர் வேலை.

மூன்று நாள் பட்டினி வந்தது.

"நிறுத்து" என்றார் லாரிக்காரர் மனைவி. "இங்க. திரும்பி கிராணி எங்கன்னு கேட்டேன். இந்த மூலைப் பை."

அக்கா தன் பாத்தியைத் தொட்டுக் காட்டினார். இந்தோனேசியப் பெண் தன் இடத்தில் நின்றாள். குச்சிகள் நட்டாயிற்று.

பாலம் எரிந்தது. பலகை உடைந்தது. இந்தோனேசியப் பெண் கீழே காட்டினாள். அவள் கைவிட்ட பை அப்படியே ஒருக்களித்துக் கிடந்தது. எங்கள் நடை சரிதான் என்று எல்லாருக்கும் தைரியம் வந்தது.

சுமைக்காரன் தலையைத் தூக்கினான்.

"இங்க" என்றார் லாரிக்காரர் மனைவி. "பாத்தி ஓரத்து மூணாவது கம்பம்."

"நாலாவது" என்றார் மண்டோர்.

"மூணாவதுதான் மண்டோர். நான் நின்ன எடம் எனக்குத் தெரியாதா?"

"பாலம் எரியறப்ப மூணாவதுல இருந்தீங்க. என் ஹோஸ மிதிச்சுக்கிட்டு நின்னீங்க, தண்ணி வரல. அவன் தலையத் தூக்கினப்ப நாலாவதுக்குப் போயிட்டீங்க. எட்டு ஆடு குடுங்கடான்னு அங்க நின்னுதான் சொன்னீங்க."

லாரிக்காரர் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"நான் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன்."

"எங்களுக்கு அறுவது பை. உங்களுக்கு ஓசி."

மண்டோர் நாலாவது கம்பத்தடியில் குச்சியை நட்டார்.

இந்தோனேசியப் பெண்ணின் பாத்தியில்தான் சிக்கல். அவள் காட்டிய இடத்தில் குச்சி இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தப்பு" என்றார். "அவளுக்கு மலாயிலேயே தெரிஞ்சுடும். எனக்குத் தமிழ் வந்தப்புறம்தான் டின்னு வச்சேன், டின்னு எடுத்தேன். அதுக்குள்ள அவ வேற பை வச்சிருப்பா."

"எத்தன பை இருக்கும்?" என்றார் மண்டோர்.

இந்தோனேசியப் பெண்ணிடம் நான் மலாயில் கேட்டேன். அவள் ஒரு பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். நான் தமிழில் சொல்லி முடிக்கும் வரை அவள் வெறுங்கையால் பை நிரப்பிக் காட்டினாள். மூன்று விரலைத் தூக்கினாள். மண்டோர் அவளுடைய இரண்டு குச்சியையும் மூன்று பை தள்ளி நட்டார்.

என் பாத்தியில் சந்தேகம் இல்லை. படிப்புக் கூலி. ஓரமாகத் தனியே அடுக்கியிருந்தார்கள், முழுதும் டின் நின்ற நேரத்துப் பை.

மண்டோர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "பதினாலு வண்டி. வண்டிக்கு முப்பது. நானூத்து இருவது வரணும். பத்து முன்னப் பின்ன இருந்தா நம்புறேன். ஆபீசுக்கு எழுத மாட்டேன். அதுக்கு மேல போச்சுன்னா, அக்கா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"எண்ணுங்க" என்றார் அக்கா.

அவர் பலகையில் உட்கார்ந்துவிட்டார். இடது பக்கச் சட்டியில் பதினான்கு கல்லை எடுத்துப் போட்டு வைத்துக்கொண்டார். டின்னையும் உர மூட்டைக்குப் பக்கத்தில் தயாராக வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முட்டியை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் புத்தகத்தை மூடி வெறும் பைக்கட்டின் மேல் வைத்தேன். காற்று இருந்தது.

மண்டோர் குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே குனிந்து, ஒவ்வொரு பையாகத் தொட்டு எண்ணினார். லாரிக்காரர் மனைவி பின்னாலேயே போய் அவரும் எண்ணினார், உரக்க. மண்டோருக்குக் கணக்குத் தவறியது. முதலிலிருந்து ஆரம்பித்தார். "வாய மூடிக்கிட்டு எண்ணுங்கம்மா" என்றார். வாயை மூடிக்கொண்டு எண்ணியது லாரிக்காரர் மனைவி வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

லாரிக்காரர் மனைவி பாத்தி, நூற்று எழுபத்தொன்று. இந்தோனேசியப் பெண், நூற்றுப் பதினெட்டு. அக்கா, அறுபத்தொன்பது. நான், அறுபது.

மண்டோர் உள்ளங்கையில் எழுதிக் கூட்டினார். ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டினார். பிறகு கையை அக்காவிடம் நீட்டிக் காட்டினார்.

நானூற்றுப் பதினெட்டு.